தங்கை மகள் காதுகுத்துக்கு வளர்த்த கிடாய் ஆண்தான் என்று சான்று கேட்டு

அனுப்புநர்:
ம. சாமியப்பன்,
கட்டிங் பிரிவு, பனியன் கம்பெனி, திருப்பூர்.
குடியிருப்பு: குளத்துக்காட்டுத் தோட்டம்,
அவிநாசி தாலுகா, கோயமுத்தூர் ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு ஜில்லா கால்நடை அதிகாரி அவர்கள்,
கோயமுத்தூர்.

பொருள்: குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாயின் காதில் வளர்ச்சி மாத்திரை வைத்து அதன் ஆண் தன்மையைக் கெடுத்த தீவனக் கம்பெனி ஏஜண்டு மீது நடவடிக்கை எடுக்கவும், மேற்படி கிடாயை நேரில் பார்த்து அது ஆண்தான் என்று எழுத்து மூலம் சான்று வழங்கவும் கோருவது.

மேன்மை தங்கிய ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

1. இதில் கண்ட அத்தனையும் இப்படித்தான் முடியும் என்று நான் சித்திரை மாதமே சொல்லிவிட்டேன் என்பதை முதற்கண் தெரியப்படுத்திக்கொள்கிறேன். அவிநாசித் தேர்க்கடை வீதியில், நூறு பேர் மத்தியில், வாய்விட்டுச் சொன்னேன். அந்த நூறு பேரில் ஒருவராவது தங்கள் முன் வந்து நின்று, “ஆமாங்க, சாமியப்பன் அன்னைக்கே சொன்னாப்பிடி” என்று சொல்வார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கறிச்சோற்றுக்குக் கூடுகிற கூட்டம் சாட்சிக்குக் கூடாது. தெரிந்திருந்தும் அந்த மாத்திரையை ஏன் வைக்கச் சொன்னாய் என்று ஐயா அவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாலாவது பத்தியில் பதில் இருக்கிறது.

2. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குமேல் படிக்காமல் போனது அறிவுக் குறைவால் அல்ல. நான் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் லீவு போட்டால் கத்திரி என் கைக்குத்தான் வரும். அவர் இதுவரை லீவு போட்டதில்லை என்பது வேறு விஷயம். இந்த மனுவையும் நானே எழுதுகிறேன்; மனு எழுதிக் கொடுப்பவர்கள் இந்த விவகாரத்தைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துச் சிரிக்கிறார்கள்.

எனக்குக் கூடப்பிறந்தவள் ஒரே தங்கை, ரங்காத்தாள். திருப்பூரில் சொந்தமாக நிட்டிங் மெஷின் போட்டு ஓட்டும் குமாரவேலுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஐயா அவர்கள் வேறு ஜில்லாவாக இருக்கக்கூடும் என்பதால் எங்கள் பக்கத்து வழக்கத்தை எழுதுகிறேன். குழந்தைக்குக் காது குத்தும்போது அது தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பெற்ற தகப்பன் மடிக்குக்கூட அங்கே வேலை கிடையாது. அன்று குலதெய்வத்துக்குக் கொடுக்கும் கிடாயும் மாமன் வீட்டுச் சீர். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெய்வம் கருப்பராயன். கருப்பராயனுக்குப் பெட்டை ஆகாது, காயடித்ததும் ஆகாது. முழுக் கிடாயாக இருக்க வேண்டும்.

மூத்த குழந்தை மருதாளுக்கு முதல்முடி எடுத்தபோது நான் கொண்டுபோன கிடாய் சற்றுச் சிறியது. மழை பெய்யாத வருஷம். அதை இழுத்துக்கொண்டு வாசலில் நுழைந்ததும் மாப்பிள்ளையின் தகப்பனார் கூட்டத்துக்குக் கேட்கும்படியாகச் சொன்னது: “ஏப்பா சாமியப்பா, கெடாயக் கொண்டாந்தயா, இல்ல உங்க கம்பெனிக் கட்டிங் வேஸ்டக் கொண்டாந்தயா?” எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா, இல்லை வேறெதற்காவது மூடினாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

காதுகுத்துக்கு இந்த ஜில்லாவே காணாத கிடாய் கொண்டுவருவேன் என்று அந்த வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தேன்.

3. தாராபுரம் சந்தைக்கு நானே நேரில் போனேன். சந்தையில் இருந்த அத்தனை குட்டிகளையும் பார்த்து ஒரு கறுப்புக் குட்டியைத் தேர்ந்தெடுத்தேன். நெற்றியில் விபூதி இட்டது போல் வெள்ளை. என்னைக் கண்டதும் மற்ற ஆடுகளை விலக்கிக்கொண்டு தானாக வந்தது. கயிற்றை என்னவோ அவிநாசி ஆட்டு வியாபாரி கைருதீன் பாய் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தார். ஆனாலும் அது வந்த வேகம் கயிற்றால் வந்த வேகம் அல்ல.

வெள்வேலாங்காய் பொறுக்கிப் போட்டேன். ஊத்துக்குளியிலிருந்து மோர் வரவழைத்துத் தவிட்டில் பிசைந்து வைத்தேன். கம்பெனியில் தைத்து ஒதுக்கிய பனியனை வெட்டி, பனிக்காலத்தில் அதன் முதுகுக்குப் போர்த்தினேன். எனக்குக் குழந்தை இல்லை என்பதை இந்த மனுவில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

4. சித்திரைத் தேருக்கு அவிநாசி வந்திருந்த ‘செழிப்பு’ மார்க் தீவனக் கம்பெனிக்காரர்கள் ஒரு கூடாரம் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, வாசலில் இரண்டு செம்மறிகளைக் கட்டியிருந்தார்கள். ஒன்று எலும்பும் தோலும், இன்னொன்று தலையணை. ஊர் பார்க்கட்டும் என்று நானும் என் கிடாயைத் தேருக்கு ஓட்டிப் போயிருந்தேன். ஏஜண்டு ஞானசம்பந்தம் என்பவர் பேண்டு போட்டவர், வாய் ஓயாதவர். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்: “காதுத் தோலுக்கடியில அரிசி மாதிரி ஒரே ஒரு மாத்திரைங்க. உள்ளயே கரையும், உடம்பு ஏறும். தீனி அதேதான், தண்ணி அதேதான். ஆர்மோன்ங்க, ஆர்மோன்! சீமையில ஆடு மாடெல்லாம் இதுலதான் வளருது.”

கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நான் ஒருவன்தான் கேள்வி கேட்டேன். “அது என்ன செடியில எடுக்கறதுங்க?” என்றேன். “செடியில்லீங்கண்ணா, உடம்புக்குள்ள ஊற சத்து. அதையே மாத்திரையாப் புடிச்சிருக்கறாங்க” என்றார். “ஆரு உடம்புல ஊறறது?” என்றேன். அவர் ஊசிக் குழலில் மாத்திரையை அடைத்துக்கொண்டிருந்தார். “ஆருதுன்னு தெரியாத சத்து உள்ள போனா, அது எங்கியோ கொண்டுபோயி உடுமுங்க” என்று நான் சொன்னது அப்போதுதான். இதுவே முதல் பத்தியில் குறிப்பிட்ட என் முன்னறிவிப்பு. நான் கேட்ட அந்தக் கேள்விக்கு அன்று பதில் வந்திருந்தால் இந்த மனுவுக்கு வேலையே இல்லை.

இருந்தாலும் வைக்கச் சொன்னேன். கட்டியிருந்த அந்தத் தலையணைச் செம்மறியை ஒரு தரம் பார்த்தேன், மாப்பிள்ளையின் தகப்பனார் முகத்தை ஒரு தரம் நினைத்தேன், கிடாயைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் இடது காதில் ஒன்று வைத்தார். இங்கே ஒரு நியாயத்தை ஐயா அவர்கள் யோசிக்க வேண்டும். இது காதுகுத்துக்கு வளர்க்கிற கிடாய். குழந்தைக்கு இரண்டு காதும் குத்துகிறோம். நேர்ந்துவிட்ட கிடாய்க்கு ஒரு காதில் மட்டும் ஊசி ஏறினால் அது அரைகுறைக் காரியமாக எனக்குப் பட்டது. வலது காதிலும் ஒன்று வைக்கச் சொன்னேன். “ஒண்ணே போதுமுங்கண்ணா, கம்பெனிக் கணக்கு அதுதான்” என்றார். “எங்க புள்ளைக்கென்ன ஒத்தக் காதா?” என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக அவரும் வைத்துவிட்டார். நான் கேட்டது வழக்கம் தெரிந்தவன் கேட்டது. கூட்டத்தின் சிரிப்புக்காகக் கம்பெனி அளவை மீறுவது படித்த ஏஜண்டுக்கு அழகா என்பதே என் முதல் புகார்.

5. வளர்ந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனி பிறப்பதற்குள் பட்டியின் அடைப்பைப் பிரித்து அகலமாகக் கட்டினேன். ஆடியில் அது எழுந்து நின்றால் வாசல் இருட்டிற்று. ரோட்டில் போகிற லாரிகள் நின்று பார்த்துவிட்டுப் போயின. கைருதீன் பாய் ஒரு நாள் வந்து முதுகை அமுக்கிப் பார்த்து, “சாமியப்பண்ணா, இத ஆடுன்னு சந்தைக்கு ஓட்டிட்டுப் போனா மாட்டுக்கான சுங்கம் கேப்பானுங்க” என்றார். அதை நான் கம்பெனியில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், தங்கை வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையின் தகப்பனார் எதிரில் உட்கார்ந்து இரண்டு தரம் சொன்னேன்.

மாறுதல் முதலில் மூக்குக்குத் தெரிந்தது. வயதுக்கு வந்த கிடாயிடம் ஒரு வீச்சம் இருக்கும். காற்று அடித்தால் அடுத்த தோட்டம் வரை போகும். அது குறைந்து, ஒரு நாள் அடியோடு போயிற்று. என் மனைவி நல்லம்மாள், “பரவால்லீங்க, இப்பத்தான் வாசல்ல மூச்சு உட முடியுது” என்றாள். மாத்திரையின் உயர்ந்த குணம் என்று நானும் நினைத்தேன். பிறகு முட்டுவதை விட்டது. கழுத்து தடிக்கவில்லை. கொம்பு இருந்த இடத்திலேயே நின்றது. பெட்டை ஆடுகள் பக்கத்தில் வந்தால் ஒதுங்கி வழிவிட்டது. கத்துகிற குரல் மெலிந்தது.

அப்புறம் மடி. கிடாய்க்கும் பொட்டளவு காம்பு உண்டு என்பது அதிகாரியாகிய தங்களுக்குத் தெரியும். அது பருத்து இறங்கிற்று. பின்பக்கம் தொங்க வேண்டியவை கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கி மேலே ஏறிக்கொண்டன. பக்கத்துத் தோட்டத்துக் குட்டிகள் ஓடிவந்து அடியில் முட்டி முட்டிச் சப்பின. என் கிடாய் காலை அகட்டி நின்று கொடுத்தது. இதை ஓர் அதிகாரிக்கு எழுதக் கை கூசுகிறது.

நல்லம்மாள், “வேற கெடாய் புடிச்சுக்குங்க. பெருசு வேண்டாம், கெடாயா இருந்தாப் போதும்” என்றாள். நான் கேட்கவில்லை. ஊர் முழுக்கச் சொல்லி வைத்த கிடாயை எப்படி மாற்றுவது? காதுகுத்து அன்று காலையில் அதன் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி, மேலே மாலை போட்டு மறைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

6. ஆவணியில் காதுகுத்து. கோயில் எல்லைக்குள் பலி கொடுப்பது சட்டப்படி கூடாது என்பது எனக்குத் தெரியும். இது மாப்பிள்ளை வீட்டாரின் மானாவாரிக் காட்டில், வேலியோரம், கோயில் சுவருக்கு வெளியே ஏற்பாடாகியிருந்தது. ஆகவே அந்தக் கோணத்தில் என் மீது விசாரணை தேவையில்லை.

வண்டியிலிருந்து கிடாய் இறங்கியபோது கூட்டம் எழுந்து நின்றது. அந்த ஒரு கணம் எனக்கு உரியது. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளையின் தகப்பனாரே தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். மருதாள் பட்டுப் பாவாடையோடு ஓடிவந்து, “எங்க மாமன் ஆனை கொண்டாந்திருக்குது” என்றது.

எங்கள் பக்கம் கிடாயைக் கேட்காமல் வெட்டுவதில்லை. தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலுப்ப வேண்டும். அதைத் துளுக்கு என்போம். சிலுப்பினால் கருப்பராயன் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடாய் சிலுப்பவில்லை. மறுபடி தெளித்தார். முகத்தில் வழிந்த தண்ணீரை நாக்கால் நக்கிக்கொண்டது. குடத்தோடு ஊற்றினார்கள். கண்ணை மூடி அசை போட்டது. இத்தனை பேர் கருப்பராயன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில், மாமியார் வீட்டுக்கு வந்த புதுப்பெண் போல அடக்கமாக நின்றது. ஊற்றிய தண்ணீரில் மஞ்சள் துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

பூசாரி குனிந்து அடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “இதென்னுங்க சாமி, மடி இருக்குது?” என்றார்.

“காயும் இருக்குதுங்க, நல்லாப் பாருங்க” என்றேன்.

“தேடித்தானுங்க பாக்கோணும்” என்றார் அவர்.

மாப்பிள்ளையின் தகப்பனார் இதற்காகவே காத்திருந்தவர் போல் பேசினார்: “கருப்பராயனுக்குக் கெடாய் கேட்டா, மாமன் ஊட்டுச் சீரு கறவைக்கு வந்திருக்குது. ஏம்மா, ஆராச்சும் ஒரு செம்பு கொண்டாங்க, கறந்து பாத்தரலாம்!” பந்தல் குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளை குமாரவேல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “மச்சான், பெருசா வேணுமுன்னு நாங்க கேக்கவேயில்லீங்க. ஆம்பளையா ஒண்ணு வேணுமுன்னுதானுங்க கேட்டோம்.”

பிறகு பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கிடாயைச் சாமி தள்ளிவிட்டால் அதைக் கொண்டுவந்தவன் மடியும் தள்ளுபடிதான் என்று முடிவாயிற்று. அப்படி ஒரு வழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது. அந்தப் பந்தலில் அன்று பிறந்த வழக்கம் அது. என் சித்தப்பா மகன் வீரன், சாப்பிட வந்தவன், “நான் வேண்ணா ஒண்ணு ஏற்பாடு பண்ணறனுங்க” என்று எழுந்தான். கைருதீன் பாயிடமிருந்து சாதாரணக் கிடாய் ஒன்று வந்தது. என்னுடையதில் பாதி இருக்காது. முதல் துளி விழுந்ததும் நாய் போல் சிலுப்பி எல்லார் மேலும் தண்ணீரைத் தெறித்தது. கூட்டம் குலவையிட்டது.

மருதாள் வீரன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்தபோது குழந்தை என் பக்கம் திரும்பிக் கையை நீட்டியது. காது குத்தும்போது அது அழுததை நான் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கிடாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். நான் வாங்கிப் போயிருந்த தோடு என் சட்டைப்பையிலேயே இருந்தது. என் தங்கை சமையல் பந்தலில் இருந்தாள். வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. தீபாவளிக்கு நான் கொண்டுபோன சேலையை மாப்பிள்ளையின் தாயார் வாங்கி வைத்துக்கொண்டு, அவள் குளிக்கிறாள் என்றார். நான் காத்திருந்தேன். அவள் குளித்து முடிக்கவே இல்லை.

7. ஏஜண்டு ஞானசம்பந்தத்தைத் திருப்பூர் ரயிலடிப் பக்கம் கண்டுபிடித்தேன். சட்டையைப் பிடித்து உலுக்கினேன் என்று பலர் சொல்வார்கள். சட்டையைத் தொட்டேன், அவ்வளவே. அவர் பயப்படவில்லை. “எடை ஏறுச்சுங்களா இல்லீங்களா?” என்று கேட்டார். ஏறியது என்றேன். “அப்பறமென்னுங்க? எங்க மாத்திரை கறிக்குங்க, கருப்பராயனுக்கில்லீங்க. உங்க சாமி மடியத் தொட்டுப் பாக்குமுன்னு கம்பெனிக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். மடி இறங்கியதைச் சொல்லி, மாத்திரையில் இருப்பது பெட்டைச் சத்து என்பதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லியிருந்தா நீங்க கெடாயக் குடுத்திருப்பீங்களா?” என்றார். ஐயா, இந்த ஒரு வார்த்தைக்கே அவர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அதன்பின் கால்நடை டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். நான் புரிந்துகொண்ட வேகத்தைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். அதாவது, உடம்பில் பல சுரப்பிகள் உண்டு. வளர்வதும் நிற்பதும் ஆண் ஆவதும் பெண் ஆவதும் அவற்றின் நீரால்தான். கொம்பு, கழுத்து, வீச்சம், முட்டல் எல்லாம் காயில் ஊறும் நீர் செய்கிற வேலை. தலைக்குள் இருக்கும் சுரப்பி மேனேஜர் மாதிரி. வெளியிலிருந்து மாத்திரைச் சத்து ரத்தத்தில் கலந்ததும் மேனேஜர், கோடவுனில் சரக்கு நிரம்பி வழிகிறது என்று நினைத்து, கீழே மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுகிறார். உத்தரவு வராததால் காய் வேலையை நிறுத்திச் சுருங்குகிறது. வந்ததோ வேறு கம்பெனிச் சரக்கு என்பது மேனேஜருக்குத் தெரியாது. கத்தி படாமலே காயடித்த மாதிரி. மாத்திரை கரைந்து தீர்ந்தால் மெஷின் மறுபடி ஓடும் என்றும் டாக்டர் சொன்னார். இரண்டு காதிலும் வைத்ததைச் சொன்னபோது மட்டும், “எதுக்குங்க ரெண்டு?” என்று இரண்டு தரம் கேட்டார்.

இதை எழுதிக் கொடுங்கள் என்றேன். கம்பவுண்டர் குறுக்கிட்டு, “சினைன்னு எழுதிக் குடுப்போமுங்க, செத்துச்சுன்னா எழுதிக் குடுப்போமுங்க. ஆம்பளைன்னு எழுதிக் குடுக்கறதுக்கு ஃபாரம் வரலீங்க” என்றார். டாக்டரும் இதற்கு ஜில்லா அதிகாரிதான் என்று கையை விரித்தார். ஆகவே தங்களிடம் வந்திருக்கிறேன்.

8. கிடாய் உயிரோடு இருக்கிறது. சாமி தள்ளியதை வெட்டித் தின்ன ஆள் இல்லை. விற்கப் போனால் கதை எனக்கு முன்னே சந்தைக்குப் போய்விடுகிறது. என் வாசலில் நின்று தின்றுகொண்டிருக்கிறது. ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து வீச்சம் திரும்பிவிட்டது. நல்லம்மாள் மறுபடி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசல் பெருக்குகிறாள். மடி வற்றிவிட்டது. தொங்க வேண்டியவை இறங்கிவிட்டன. நானே தினமும் பார்க்கிறேன். போன வாரம் தபால்காரரை முட்டி வேலியில் சாய்த்தது. அவர் என்னைத் திட்டினார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வாசலில் நான் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். தலையிலிருந்து வால் வரை சிலுப்பிற்று.

வரும் தை மாதம் என் தங்கையின் இளைய பையனுக்குக் காதுகுத்து. மாப்பிள்ளை வீட்டார் வீரனுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை போனால் தவறிப் போனது என்று சொல்லலாம். இரண்டாவது குழந்தையும் அவன் மடியில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டுக்குத் தாய்மாமன் அவன்தான். கல்யாணத்துக்கும் அவன், சீருக்கும் அவன். கூடப்பிறந்த நான் கைகழுவிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

என் தங்கைக்கு இதில் சம்மதம் இல்லை. போன வாரம் கைருதீன் பாய் திருப்பூர் போனபோது அவர் மூலம் எனக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள்: “எங்கண்ணன்கிட்டச் சொல்லுங்க பாய். அந்தக் கெடாய் ஆம்பளைன்னு சர்க்கார் கடுதாசி ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வந்துரட்டும். எம்பையன் அண்ணன் மடியிலதான் உக்காரும். மாமனார் என்ன சொல்றாருன்னு நான் பாத்துக்கறேன்.” இந்த வார்த்தையின் பேரிலேயே இந்த மனு.

9. ஆகவே சமூகம் மனம் வைத்து,

(அ) மேற்படி ஏஜண்டு இனி எந்தத் தேருக்கும் சந்தைக்கும் வந்து, மாத்திரையில் இருப்பது ஆண் சத்தா பெட்டைச் சத்தா என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லாமல், யாருடைய ஆட்டுக் காதையும் தொடக்கூடாது என உத்தரவிடவும்,

(ஆ) தை பிறப்பதற்குள் தாங்களோ தங்கள் ஆட்களோ நேரில் வந்து கிடாயைப் பார்வையிடவும், வரும்போது அதற்கு எதிரே நிற்காமல் சற்று விலகி நிற்கவும், அது ஆண்தான், இடையில் நேர்ந்தது மாத்திரையால் நேர்ந்ததேயன்றிக் கிடாயின் குற்றமும் அல்ல, கொண்டுவந்தவன் குற்றமும் அல்ல என்று முத்திரையோடு எழுதித் தரவும்,

மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். ஃபாரம் இல்லை என்று தங்கள் ஆபீசிலும் சொல்லக்கூடும். வெள்ளைத் தாளில் எழுதினாலும் எனக்குச் சம்மதம். முத்திரை மட்டும் தெளிவாக விழ வேண்டும்.

10. மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபின் ஒன்றைச் சொல்லாமல் தபாலில் சேர்க்க மனம் வரவில்லை. எட்டாவது பத்தியில் என் தங்கை சொல்லியனுப்பியதாக எழுதியிருப்பது நடந்ததல்ல. கைருதீன் பாய் அவள் வீட்டுக்குப் போனது உண்மை. நான் கேட்டுக்கொண்டபடி என் பேச்சை எடுத்ததும் உண்மை. அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சர்க்கார் கடிதாசி கேட்டது அவள் அல்ல. அப்படி ஒன்று கையில் இருந்தால் அவள் என்ன சொல்லக்கூடும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். நினைத்ததை அவள் சொன்னதாக எழுதிவிட்டேன். மற்றது எல்லாம் ஏறக்குறைய உண்மை.

ஆகவே சான்றை என் விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம். ரங்காத்தாள், குமாரவேல் நிட்டிங், திருப்பூர் என்று அவள் பெயருக்கே அனுப்ப வேண்டுகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது வாசிக்கச் சொல்லித்தான் கேட்பாள். அந்த வீட்டில் வாசிக்கிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதனால் ‘ஆண்’ என்ற சொல்லை முதல் வரியிலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தேதி: 8-12-1969
இடம்: குளத்துக்காட்டுத் தோட்டம், அவிநாசி தாலுகா

தாங்கள் வரும்வரை கிடாயை வாசலிலேயே கட்டி வைத்திருக்கும்,

(ஒப்பம்)
ம. சாமியப்பன்
ரங்காத்தாளின் அண்ணன்